ஊறுகாய் ஜாடிக்கு ஒரு ஸ்வெட்டர்

எங்கள் சம்பந்தியம்மாவுக்கு எந்தப் பொருளும் வெறுமனே இருக்கக் கூடாது. கடையில் வாங்கி வந்தபடி ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்கு மனசு கேட்காது. கொண்டையில் செருகியிருக்கும் குரோஷா ஊசியை உருவுவார். வயர் கூடைக்குள் கையை விட்டு நூல்கண்டை எடுப்பார். அந்தப் பொருளை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான் அளவு. நாம் காபி கலந்து எடுத்து வருவதற்குள் அடிப்பாகம் முடிந்திருக்கும்.

அவருக்குப் பெயர் உண்டு. நல்ல பெயர், அம்பாள் பெயர். ஆனால் அதைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என் மருமகள் உமாவின் அம்மா அவர். எனக்கு அவர் சம்பந்தி, அவருக்கு நான் சம்பந்தி. கூப்பிட்டுப் பழகாத பெயரை எழுதுவதற்கு மட்டும் எடுப்பானேன்.

உமாவைப் பெண் பார்க்க ஆனேக்கல் போன அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சின்ன வீடு. உள்ளே நுழைந்ததும் பொருள் எதுவும் கண்ணில் படவில்லை, எல்லாம் உறைதான். டி.வி.க்கு ரோஜாப்பூ உறை, ரேடியோவுக்கு மயில் உறை, தண்ணீர்ப் பானைக்கு மணி கோத்த மூடி. சுவரில் முருகன் படத்தைச் சுற்றி மல்லிகைச் சரம் தொங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கிட்டப் போய் முகர்ந்தேன். வாசனை இல்லை. வெள்ளை நூல்.

என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார், கை துடைத்தார், எழுந்தார். சோபா உறையும் அவரோடு எழுந்தது. வாட்ச் பட்டையில் ஒரு நூல் கண்ணி மாட்டியிருக்கிறது. அவர் அதைக் கவனிக்காமல் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே வாசல்வரை நடந்தார். நூல் பின்னாலேயே வந்தது. வாசற்படியில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தால் சோபா பாதி மொட்டை. என் மகன் சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளறைக் கதவோரம் நின்ற உமாவால் முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, தெரியாம இழுத்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஹௌதா? அது போகட்டும் விடுங்கண்ணா. நூலே உங்க பின்னாடி வந்துடுச்சு, இனிமே பொண்ணு வராம எங்க போவா" என்றார் சம்பந்தியம்மா.

அப்படியா என்பதற்கு அவர் ஹௌதா என்பார். ஆனேக்கலில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே அடுப்பில் கொதிக்கும்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர், "பொண்ணு பிடிச்சிருக்கு" என்றார். அவர் பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தார்கள். வெல்லம், அரிசி, மஞ்சள் கொத்து, கரும்பு, துணிமணி எல்லாம் முறைப்படி இருந்தது. கூடவே ஒரு தனி மூட்டை. பிரித்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அவர் கையால் போட்ட ஒன்று. என் வீட்டுக்காரரின் டார்ச்சுக்கு உறை. சரவணனின் ஸ்கூட்டர் கைப்பிடிக்குக் குஞ்சம் வைத்த உறை. வாசலுக்கு மாவிலைத் தோரணம், பச்சை நூலில் இலை, நடுநடுவே மஞ்சள் நூலில் சாமந்தி.

என் நாத்தனாரையும் விடவில்லை, அவருடைய வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு சிவப்பு உறை. நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. ரெண்டு கிராஸ் தெரு தள்ளி இருந்தார். எங்கள் குடும்பத்தில் எது முறை, எது முறையில்லை என்று சொல்கிற இடம் அவருடையது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தினமும் வந்துவிடுவார், ஏதாவது முறை தவறியிருக்கிறதா என்று பார்க்க.

"எல்லாரும் பொண்ணுக்குப் பாத்திரம் கொண்டாருவாங்க. இவங்க பாத்திரத்துக்குச் சட்டை கொண்டாந்திருக்காங்க" என்று என் காதருகில் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டிக்கு உறையை மாட்டிப் பார்த்தார். கழற்றவில்லை.

தோரணத்தைப் பார்க்க எங்கள் தெருவே வந்தது. மனிதர்கள் மட்டும் வரவில்லை. எங்கள் மல்லேஸ்வரத்தில் அப்போதெல்லாம் பசுமாடுகள் வீடு வீடாக நின்று சாப்பிட்டுப் போகும். கனுப்பொங்கல் அன்று ஒன்று வந்து, தலையை நீட்டி, ஒரு மாவிலையைப் பிடுங்கி மென்றது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. நான் ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. துப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மாவிடம் சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம். "பசுவே ஏமாந்துச்சுன்னா இலை நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். அடுத்த முறை வரும்போது அந்த ஒரு இலையைப் போட்டு எடுத்து வந்தார். கூடவே பசுவின் கழுத்துக்கு ஒரு மணிக்கயிறு. பசுவை எங்கே போய்த் தேட. இரண்டு தெரு சுற்றிவிட்டு, கடைசியில் கோயில் மாட்டுக்குக் கட்டிவிட்டு வந்தோம்.

பஸ்ஸிலும் அவர் கை சும்மா இருக்காது. ஒரு தடவை ஆனேக்கலில் இருந்து மார்க்கெட் வருகிற பஸ்ஸில் நூல்கண்டு மடியில் இருந்து உருண்டு முன்சீட்டுப் பக்கம் ஓடிவிட்டது. இவர் இழுக்க இழுக்க அது இன்னும் உருண்டிருக்கிறது. மூன்று சீட்டுக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கண்டக்டர் வந்து நூலில் தடுக்கி, "ஏனம்மா இது, பஸ்ஸா தறியா" என்று கேட்டிருக்கிறார். இவர் அவருடைய டிக்கெட் பையைப் பார்த்திருக்கிறார். ஓரம் கிழிந்திருந்தது. மார்க்கெட் வருவதற்குள் ஓரம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்படி எழுதினால் நாளெல்லாம் எழுதலாம். ஆனால் அவர் ஊசியைத் தொடாமல் இருந்த காலமும் உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

பிறக்காத குழந்தைக்குத் துணி தைக்கக் கூடாது, வாங்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறந்த பிறகும் தீட்டுக் கழிகிறவரை பழைய துணிதான், புதுசு ஆகாது. சம்பந்தியம்மாவுக்கும் இது தெரியும். ஆனால் உமா முதல் தடவை முழுகாமல் இருக்கிறாள் என்றதும் அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாம் மாதமே ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தொப்பி, சட்டை, போர்வை, கிலுகிலுப்பைக்குக்கூட உறை.

ஐந்தாம் மாதம் அந்தக் குழந்தை தங்கவில்லை.

உமாவை ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்து வந்த அன்று நாத்தனார் கூடத்தில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல்தான், சொன்னார்: "வயித்துல இருக்கும்போதே சட்டை போட்டுப் பார்த்தீங்க. கண்ணு பட்டுப்போச்சு."

சம்பந்தியம்மா எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் கொண்டையில் ஊசி இல்லை. நான் புதிதாக வாங்கிய மிக்ஸி மூன்று நாள் அவர் கண் முன்னால் உறையில்லாமல் இருந்தது. ஊருக்குப் போய்விட்டு வந்த உமா என்னிடம், "அம்மா ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு டி.வி. பாக்குது அத்தை. அதைப் பாக்கத்தான் என்னால முடியல" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து முருகன் கண் திறந்தான். உமா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்தே இருக்கவேண்டும், பஸ், ஆட்டோ எதுவும் கூடாது, பிரசவத்துக்கு ஆனேக்கல் போகிற பேச்சே வேண்டாம். மகள் அம்மா வீட்டுக்குப் போக முடியாது, அதனால் அம்மா மகள் வீட்டுக்கு வரவேண்டும். சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் வந்து தங்குவது எந்த ஊர் முறை என்று நாத்தனார் கேட்டார். டாக்டரம்மா பெயரைச் சொன்னோம். சரி என்றார், ஆனால் ஒரு சத்தியம் வேண்டும் என்றார்.

பூஜை அறையில் கற்பூரம் ஏற்றினோம். சம்பந்தியம்மா கையை நீட்டி, "பொறக்கற வரைக்கும் குழந்தைக்குன்னு ஒரு கண்ணி போடமாட்டேன். முருகன் மேல சத்தியம்" என்றார்.

எனக்கும் அந்தச் சத்தியம் வேண்டியிருந்தது. இந்தக் குழந்தை தங்கவேண்டும். அதற்கு மேல் அந்த வருஷம் நான் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பொழுது, கிருத்திகைக்கு முழுப் பட்டினி என்று இருந்தேன். இதுவும் தங்காமல் போனால் பழி மறுபடி யார் தலையில் விழும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

உமா கட்டிலில் படுத்து மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு குறைந்துவிட்டது. குழந்தை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். ஒருநாள் காலையில் தலையணையில் முகத்தை அழுத்தி அழுதுகொண்டிருந்தாள். நான் விபூதி பூசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்து ஊசியை எடுத்தார்.

கட்டில் பக்கத்தில் உமாவுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்த சொம்பு இருந்தது. அதைப் பார்த்தார். உட்கார்ந்தார். மத்தியானச் சோறு ஆவதற்குள் சொம்பு, வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு, கழுத்துக்குக் கீழே நாடா கட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் நின்றது.

உமா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அதுக்குக் காது குளிருதா" என்றாள்.

"பின்ன. மல்லேஸ்வரம் குளிருன்னா சும்மாவா."

உமா சிரித்தாள். பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக நான் எந்தச் சொம்புக்கும் எதையும் போடவிடுவேன்.

சாயங்காலம் நாத்தனார் வந்ததும் நேரே சொம்பைத்தான் பார்த்தார்.

"இது இன்னாது?"

"சொம்புக்கு மூடி அண்ணி. தூசி விழுது" என்றார் சம்பந்தியம்மா.

"மூடிக்கு நாடா எதுக்கு?"

"பூனை தட்டிவிட்டுடுமில்ல."

"நம்ம வீட்ல பூனை ஏது?"

"வந்துட்டா?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தேன். திரி ஏற்கெனவே திரிந்துதான் இருந்தது.

அதோடு வீட்டில் பாத்திரங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. அடுத்தது டெலிபோன். ரிசீவரின் இரண்டு முனைக்கும் இரண்டு சின்ன நீல உறை, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, குதிகால் மாதிரி ஒரு வளைவோடு. நாத்தனார் கேட்பதற்கு முன்பே சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்: "ஒண்ணு காதுக்கு அண்ணி, ஒண்ணு வாய்க்கு. ரெண்டும் ரெண்டு அளவா இருக்கக் கூடாது, அதான் ஒரே மாதிரி."

ஓசூரில் இருந்து பேசிய உறவுக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "என்னப்பா, வாயில துணி வச்சுக்கிட்டா பேசற" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "இல்லீங்க, போன் சாக்ஸ் போட்டிருக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, அந்தப் பக்கம் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சின்ன மெத்தைப் பை, மல் துணியில் தைத்தது, உள்ளே கடுகு நிரப்பி நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தது. பச்சைக் குழந்தையின் தலை உருண்டையாக வருவதற்குக் கடுகுத் தலையணை வைப்போம். எந்தத் தமிழ் வீட்டிலும் அதைக் காட்டினால் என்னவென்று சொல்வார்கள்.

"கடுகுல ஈரம் படாம இருக்கத் தச்சு வச்சேன்" என்றார் சம்பந்தியம்மா.

"நாலு பக்கமும் தச்சுட்டா தாளிக்க எப்படி எடுக்கறது?" என்றார் நாத்தனார்.

"அவசரத்துக்கு எடுக்கக் கூடாதுன்னுதான் தச்சேன். சம்பந்தி கடுகை அள்ளி அள்ளிப் போடறாங்க."

கடுகு விஷயத்தில் என் மேல் பழி விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊறுகாய் ஜாடி. எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பீங்கான் ஜாடி உண்டு, இரண்டு பக்கமும் காது வைத்தது, எலுமிச்சை ஊறுகாய்க்கென்றே வைத்திருப்பேன். ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஜாடி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை ஸ்வெட்டர். முன்னால் மூன்று பட்டன். அன்றைக்கு நாத்தனாருக்குக் கேள்வி மாளவில்லை.

"ஜாடிக்குக் கை எதுக்கு?"

"காது இருக்குதே அண்ணி. அதை எங்க விடறது."

"பட்டன்?"

"ஊறுகாய் எடுக்கணும்னா கழட்டணும். தலை வழியா உருவினா கவுந்துடும்."

"நெஞ்சுல வாத்து போட்டிருக்கு."

"ஹௌதா? நான் எலுமிச்சைதான் போட்டேன்."

"எலுமிச்சைக்கு மூக்கு இருக்கு."

"அது காம்பு."

உள்ளே கட்டிலில் உமா போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்படிச் சிரிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தால்கூட அவளால் நிறுத்தியிருக்க முடியாது.

நான் மட்டும் அதுவரை மனசுக்குள் ஒரு திரை போட்டு வைத்திருந்தேன். உறை என்றால் உறை. ஒரு வெள்ளிக்கிழமை அலமாரி துடைக்கும்போது அதைக் கழற்றி அலசி, வெயிலில் ஒரு துண்டு விரித்து அதன்மேல் காயப்போட்டேன். ஜாடி மேல் இருந்தவரை ஜாடி உறைதான். துண்டின் மேல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தபோது அது குழந்தைச் சட்டை. வந்து படுக்க வேண்டியவர் மட்டும்தான் பாக்கி.

நேரே பூஜை அறைக்குப் போனேன். சத்தியம் உன் மேல் செய்தது முருகா, குழந்தைக்கு என்று ஒரு கண்ணி போடமாட்டேன் என்றுதான் அந்த அம்மா சொன்னது, இது ஜாடிக்குப் போட்டது, நீயும் ஒரு அம்மாவுக்குப் பிள்ளை, பார்த்து நடந்துக்க, என்று கேட்டுக்கொண்டேன். படத்தில் இருந்து ஒரு பூ விழுந்தது. காற்றில் விழுந்ததாகவும் இருக்கலாம். நான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சம்பந்தி, ஜாடிக்குக் கை கொஞ்சம் குட்டையா இருக்கு" என்றேன்.

"ஹௌதா?"

"எங்க வீட்டு ஜாடிங்க எல்லாத்துக்கும் கை நீளம். சரவணன், அவங்க அப்பா, எல்லாருக்கும். இன்னும் ரெண்டு விரக்கடை சேர்த்துப் போடுங்க."

அவர் என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு, "கழுத்து?" என்று கேட்டார்.

"கழுத்து உங்க பக்கமா இருந்துட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஜாடி நன்றாகத் தூங்குமா, ஜாடிக்கு யார் ஜாடை வரும், ஜாடியை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்று மணிக்கணக்கில் பேசினோம்.

மார்கழி மாதம், நாள் கணக்குக்கு இன்னும் இருக்கும்போதே, காலையில் கோயில் பொங்கலோடு நான் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் உமாவுக்கு வலி கண்டது. சரவணன் டாக்ஸி பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் வந்துவிட்டார், கையில் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு. முறைப்படி. நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் நடுவில். கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், வேறு ஒன்றும் நினைவில்லை.

பெண் குழந்தை. நர்ஸ் வந்து சொன்னபோது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. குழந்தை சின்னதாக இருக்கிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் உடனே வேண்டும், வேட்டித் துணி போதாது என்றார் நர்ஸ். என் வீட்டுக்காரர், யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்தவர் பையைக் கவிழ்த்தார். தொப்பி, ஸ்வெட்டர், கடுகுத் தலையணை, டார்ச் உறை, டி.வி. உறை, பிற்பாடு மிக்ஸிக்குப் போட்ட உறை, நீல சாக்ஸ் ஒன்று.

"எது எதுன்னு தெரியல. வீட்ல இருந்த எல்லாத்தையும் உருவிட்டு வந்துட்டேன்" என்றார்.

"இன்னொரு சாக்ஸ்?"

"ஒண்ணைக் கழட்டும்போது போன் அடிச்சுது. பொண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

நர்ஸ் கையை நீட்டினார். நான் ஸ்வெட்டரை எடுத்தேன். சம்பந்தியம்மா அதைச் சட்டென்று என் கையில் இருந்து பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"வேணாம் சம்பந்தி. இது ஜாடியுது."

"சம்பந்தி, குடுங்க."

"ஜாடிக்குத்தான் போட்டேன். சத்தியமா ஜாடிக்குத்தான். குழந்தைக்கு வேணாம். போன தடவை என் கையாலதான்..." இத்தனை மாதம் வாயடித்த மனுஷி, குழந்தை மூச்சு விட்டுக்கொண்டு உள்ளே இருக்கும்போது, பயந்துபோனார். "வேட்டியவே நாலு சுத்து சுத்துங்க. நான் போட்டது எதுவும் வேணாம்."

"பேக கொடி அம்மா, சீக்கிரம் குடுங்க" என்று நர்ஸ் அவசரப்படுத்தினார்.

நாத்தனார் எழுந்து வந்தார். சம்பந்தியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ஸ்வெட்டரை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். நான் எவ்வளவோ அலசியும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை முழுசாகப் போகவில்லை.

"புதுத்துணி ஆகாதுன்னுதான் முறை" என்றார். "இது ஜாடி மாசக்கணக்கா போட்டுக் கழட்டினது. நம்ம வீட்ல இதைவிடப் பழசு இல்ல." நர்ஸிடம் கொடுத்தார். "போடும்மா. வாத்து முன்னாடி வரணும்."

கொஞ்ச நேரத்தில் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். சொம்புத் தொப்பி சரியாக உட்கார்ந்திருந்தது. கை நீளம்தான், இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள். குழந்தைக்கு ஊறுகாய் வாசனையாம், "ஏனம்மா, மகுவுக்கு உப்பினகாய் வாசனை" என்று நர்ஸ் சிரித்தார். சம்பந்தியம்மா கிட்டே வரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்தார்.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கி, காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கால் நீலமாக மூடியிருந்தது. ஒரு கால் வெறுமனே இருந்தது. அந்தக் காலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டே, திரும்பாமல், "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டார்.

"அண்ணி."

"ஊசி இருக்கா?"

சம்பந்தியம்மாவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. ஊசியைத் தொட்டபடி அங்கேயே நின்றுவிட்டது.

நாத்தனார் இன்னொரு கையை நீட்டி, பெஞ்சடியில் இருந்த வயர் கூடைக்குள் துழாவி, நூல்கண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நூலின் முனையைத் தேடிப் பிடித்து அவர் பக்கம் நீட்டினார்.

"பொறந்தாச்சு, சத்தியம் தீந்தாச்சு. வந்து உக்காந்து போடுங்க. என் கை எவ்வளவு நேரத்துக்குச் சூடா இருக்கும்."